விளையாட்டுவழிப் பள்ளி ஆயத்தம்

பால்வாடி, எல்.கே.ஜி. போன்ற முன்பருவ வகுப்புகளில் சேருமுன், இரண்டரை வயது தொட்டுக் குழந்தையை விளையாட்டின் மூலம் வீட்டிலேயே பழக்குவது விளையாட்டுவழிப் பள்ளி ஆயத்தம் எனப்படும். எழுத்தையும் எண்ணையும் முந்திக்கொண்டு புகட்டுவது இதன் வேலையன்று. தாயைச் சில மணி நேரம் பிரிந்திருப்பது, முறை வரும்வரை பொறுப்பது, தானே அள்ளிச் சாப்பிடுவது, ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரிவது ஆகியவையே முதற்பாடங்கள்.

இதில் திண்டுக்கல் வட்டாரத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கியபோது, அவற்றுள் நிலக்கோட்டையும் ஒன்று. அன்று அது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிறந்தபோது இங்கு வந்தது. இத்திட்டத்தின்கீழ் இயங்கும் தமிழகத்தின் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் பின்பற்றப்படுகிறது.

திண்டுக்கல் நகரின் நாகல் நகரில் இந்த ஆயத்தத்துக்குக் கூடுதல் பொருள் இருக்கிறது. நெசவோடு வளர்ந்த சௌராஷ்டிரக் குடும்பங்கள் இங்கு நிறைய. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வகுப்பில் கேட்பது தமிழோ ஆங்கிலமோ. தெருவில் ஓடியாடும் குழந்தைக்குத் தமிழ் தானாக ஒட்டிக்கொள்ளும். பாட்டி மடியிலேயே வளர்ந்த குழந்தைக்கோ 'தண்ணி வேணும்' என்று டீச்சரிடம் கேட்பதே பெரும்பாடு. அதற்காக வீட்டு மொழியைக் கைவிடுவது தவறான வைத்தியம். ஒரு மொழியில் நன்றாகப் பேசும் குழந்தை அடுத்ததை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். செப்புச் சாமானைப் பரப்பிக் கடை வைத்து, பாட்டி சௌராஷ்டிரத்தில் விலை கேட்க, பக்கத்து வீட்டு அக்கா தமிழில் பேரம் பேசினால் போதும். நாலு நாளில் இரண்டு மொழியிலும் 'அப்புறம் வாங்க' என்று குழந்தையே சொல்லும்.

பிரிவைப் பழக்கக் கண்ணாமூச்சியை விடச் சிறந்தது இல்லை. மறைந்தவர் திரும்பி வருவார் என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. நூறு முறை விளையாடித்தான் மனத்தில் படியும். கீரை கடையும் விரல் விளையாட்டு விரல்களைத் தனித்தனியே அசைக்கவும் அடுத்தவர் சொல்வதைக் கவனிக்கவும் பழக்கும். சோளத்தையும் மொச்சையையும் வேறுவேறு கிண்ணத்தில் பிரிப்பது கணக்கின் தொடக்கம். ஆனால் இவற்றோடு சிறு குழந்தையைத் தனியே விடக்கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும்.

பென்சிலுக்கு அவசரம் வேண்டாம். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. மாவு பிசைவதும், ஈர மணலில் விரலால் கோடிழுப்பதும், பாட்டி வைத்த கோலப்புள்ளிகளைச் சேர்ப்பதும் கைக்கு வேண்டிய பலத்தைத் தருகின்றன. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கும் வழக்கமும் பென்சில் கேட்பதில்லை. சேர்க்கைக்கு முந்திய வாரங்களில் குழந்தையை அது சேரவிருக்கும் மையத்துக்கு அழைத்துப்போய், மற்றப் பிள்ளைகளின் ஆட்டத்தைச் சற்று நேரம் பார்க்கவிட்டுத் திரும்புவது நல்லது. முதல் நாள் திரும்ப அழைத்துப்போக வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு, சொன்னபடி போய் நிற்க வேண்டும். சொல்லாமல் நழுவுவது, கண்ணாமூச்சியில் வளர்த்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.