வடக்கன்குளம்: இரண்டு கூடம், ஒரு பீடம்

நம்ம ஊர் கத்தோலிக்கக் கோவில்களின் தரைப்படம் பெரும்பாலும் சிலுவை வடிவமாக இருக்கும், இல்லையென்றால் நீளமான ஒரே கூடமாக இருக்கும். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்பக் கோவில் இந்த இரண்டிலும் சேராது. கொடியில் காயப்போட்ட கால்சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு இருக்கும் இடத்தில் பீடம். அங்கிருந்து இரண்டு கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள் பிரிந்து போகின்றன.

ஒரு கூடம் வெள்ளாளர்களுக்கு, இன்னொன்று நாடார்களுக்கு. பூசை வைக்கும் சாமியாரை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒரே பங்கு, ஒரே பூசை, ஒரே நற்கருணை, ஆனால் தனித்தனிக் கூடம். நான் மென்பொருள்காரன். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒத்தே வராத இரண்டு தேவைகளைக் கொடுத்தபோது இரண்டையும் அப்படியே நிறைவேற்றிய டிசைன் இது. 'எல்லாரும் ஒரே கோவிலுக்கு வரணும்' என்பது திருச்சபையின் தேவை. 'அவர்களோடு சேர்ந்து உட்கார மாட்டோம்' என்பது வெள்ளாளர்களின் தேவை. டிசைன் செய்தவர் இரண்டுக்குமே சரி என்று சொல்லிவிட்டார்.

இந்த யோசனை திடீரென்று வந்ததல்ல. 1606இல் மதுரைக்கு வந்த சேசுசபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, அங்கே ஏற்கெனவே இருந்த பரதவக் கிறிஸ்தவர்களின் கோவிலிலிருந்து விலகி, மேல்சாதியாருக்காகத் தனிக் கோவில் வைத்தார். மதம் மாறினால் சாதியை விட வேண்டியதில்லை என்பது அவர் நிலை. இதைப் பற்றிய சண்டை ரோம் வரை போனது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் வெளியிட்ட ஆணை பல வழக்கங்களைத் தடை செய்தது. அதே ஆணை, பறையர் மக்களுக்கென்று தனிக் குருக்களை வைக்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஆக, இந்தப் பிரிவினை ஒரு கிராமத்தார் மட்டும் கண்டுபிடித்ததல்ல. அதற்கு மேலிடத்து ஒப்புதல் இருந்த வரலாறு உண்டு.

இனி நாடார்கள் பக்கம் வருவோம். வடக்கன்குளத்துக்கு மிக அருகில்தான் அன்றைய திருவிதாங்கூர் எல்லை. அங்கே நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859 அரசாணையில் முடிந்தது. கல்வி, வியாபாரம், மிஷன் பள்ளிகள் என்று அந்தச் சமூகம் வேகமாக மேலே வந்துகொண்டிருந்த காலம் அது. அதன் நடுவில்தான், 1872இல், இந்த இரட்டைக் கூடம் எழுகிறது. வளர்ந்துவரும் ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தவும் முடியாது, உள்ளே சேர்க்கவும் மனசில்லை. அந்த இக்கட்டுக்கு அன்று கிடைத்த பதில் இந்தத் தரைப்படம் என்று நான் வாசிக்கிறேன்.

38 வருஷம் கழித்து, 1910இல், பிரித்து நின்ற சுவரை இடித்தார்கள். இதை முன்நின்று செய்தவர் பிரெஞ்சுக்காரரான கௌசானல் சாமியார். பாளையங்கோட்டையில் இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவரும் இவர்தான். வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பிரித்து வைப்பது எங்கள் உரிமை, இடித்ததைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கிறிஸ்தவரான பிறகு தீட்டைக் காட்டி உரிமை கேட்க முடியாது, கோவிலுக்குள் யார் எங்கே என்பதை முடிவு செய்யும் அதிகாரம் திருச்சபையிடம் இருக்கிறது என்கிற வழியில் தீர்ப்பு போனது. 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்ற பெயரில் அந்த வழக்கு சட்ட அறிக்கைகளில் இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் 'ஆகா, நீதி வென்றது' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சுவர் இடிபடுவதற்கு இரண்டே வருஷம் முன்னால், 1908இல், கமுதி கோவில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொல்லியிருந்தது. அங்கேயும் நாடார்கள்தான். மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் போனார்கள் என்று ராமநாதபுரம் ராஜா தொடுத்த வழக்கு. பழைய வழக்கப்படி அவர்களுக்கு நுழைவு இல்லை என்று தீர்ப்பானது. அதே சமூகம், கிட்டத்தட்ட அதே காலம், இரண்டு விதமான முடிவு. சாதி தப்பு என்பதற்காகக் கோர்ட் வடக்கன்குளத்தில் அப்படிச் சொல்லவில்லை. அந்தந்த மதத்தின் விதி என்ன, அதிகாரம் யாரிடம் என்று மட்டும் பார்த்தது. ஆயர் சுவர் வேண்டும் என்று சொல்லியிருந்தால் சுவர் நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால் இதில் எடை கூடிய விஷயம் தீர்ப்பு இல்லை. அதற்கு முன்னால், பங்கு மக்களில் ஒரு பகுதியைப் பகைத்துக்கொண்டு எடுக்கப்பட்ட, 'இடி' என்கிற முடிவுதான்.

இதே வடக்கன்குளத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்டன் 1745 மே 14 அன்று இங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகியவர் என்றே அவரைச் சொல்வார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், 127 வருஷம் கழித்து, சாதிக்கொரு கூடம் கட்டினார்கள். 2022 மே 15இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது வத்திக்கான் அறிவித்த பெயர் வெறும் தேவசகாயம். பல காலமாகக் கூடவே எழுதப்பட்டு வந்த 'பிள்ளை'யை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். சுவர் போய் அப்போது 112 வருஷம் ஆகியிருந்தது.