ஹொக்குசாயின் ஓவிய ஏடுகள்

ஓவியக் கலை நெடுங்காலம் ஆசானின் அருகிலிருந்தே கற்கப்பட்டு வந்தது. ஆசான் வரைவதை மாணவன் காண்பான், கண்டதைப் படியெடுப்பான், ஆண்டுகள் பல சென்ற பின்னரே கலை அவனுக்குக் கைவரும். ஜப்பானில் இம்முறை மிகுந்த கட்டுக்கோப்புடன் விளங்கியது. ஆட்சியாளரின் ஆதரவு பெற்ற கானோ மரபினர் தம் மாதிரிப் படங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே போற்றிக் காத்தனர். பயிற்சிக் கூடத்திற்கு வெளியே இருந்தவனுக்கு அவை எட்டாக் கனியாகவே இருந்தன.

அக்கதவைத் திறந்தது அச்சு நூல். 18ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானில் ஓவிய மாதிரி நூல்கள் வெளிவரத் தொடங்கின. எனினும், தம் கலையையும் அதன் வழிமுறையையும் நூல்களின் வாயிலாக வாரி வழங்கியவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் ஹொக்குசாய் ஆவார்.

அவர் 1760ஆம் ஆண்டில், இன்று தோக்கியோ என வழங்கும் எடோ நகரில் பிறந்தார். இளமையில் அச்சுப் பலகை செதுக்கும் தொழிலைக் கற்றார். பின்னர் 1778 அளவில் கட்சுகாவா ஷுன்ஷோ என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். உளி பிடித்த கையே பின்பு தூரிகை பிடித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எந்தக் கோடு மரத்தில் நிற்கும், எது சிதையும் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

1812ஆம் ஆண்டில் அவர் நகோயா நகருக்குச் சென்று, மாக்கி பொக்குசென் என்பவரின் இல்லத்தில் தங்கினார். அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். அப்படங்களே 1814இல் ‘ஹொக்குசாய் மங்கா’ என்னும் பெயருடன் முதல் தொகுதியாக வெளிவந்தன. ‘மங்கா’ என்னும் சொல் இன்று சித்திரக் கதையைக் குறிக்கிறது. அக்காலத்திலோ, அது தூரிகை சென்ற வழியே வரைந்த பல்வகைப் படங்களையே குறித்தது. தொடக்கநிலை மாணவருக்குப் பயன்படுதலே நூலின் நோக்கம் என்பதை அதன் துணைத்தலைப்பே காட்டியது. வரவேற்பு மிகுந்தமையால் தொகுதிகள் தொடர்ந்தன. 1819ஆம் ஆண்டிற்குள் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. பதினைந்தாவதும் இறுதியானதுமான தொகுதி, அவர் மறைந்து பல்லாண்டுகள் சென்றபின் 1878இல் வெளிவந்தது.

இந்நூலில் கதையில்லை, தொடர்ச்சியில்லை. மீனும் பறவையும், மழையும் அலையும், மற்போர் வீரரும் கைத்தொழிலாளரும், பருத்தவரும் மெலிந்தவரும் பக்கந்தோறும் நெருங்கி நிற்கின்றனர். ஒரு பக்கத்தில் நடனமாடுபவரின் அசைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரையப்பட்டுள்ளன. முடிந்த ஓவியத்தை மட்டும் காட்டாமல், ஓர் உடல் எவ்வாறு வளைகிறது, திரும்புகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுவது நல்லாசிரியரின் செயலன்றோ? 1812இல் வெளிவந்த மற்றொரு பயிற்சி நூலில், வட்டமும் நேர்கோடும் கொண்டே உயிரினங்களையும் பொருள்களையும் வரையும் வழியை அவர் விளக்கினார்.

இந்நூல்கள் உருவான முறையில் ஓர் இழப்பும் அடங்கியிருந்தது. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்த படத்தைச் செர்ரி மரப் பலகையின்மீது கவிழ்த்து ஒட்டுவர். கோடுகள் மட்டும் எஞ்சுமாறு செதுக்குநர் தாளோடு சேர்த்து மரத்தைச் செதுக்குவார். கறுப்புக்கு ஒரு பலகை. சாம்பல் நிறத்திற்கும் இளஞ்சிவப்புக்கும் தனித்தனிப் பலகைகள். அச்சுப்படிகள் பல பிறக்கும்போது, ஓவியர் தம் கையால் வரைந்த மூலப்படம் அழிந்தொழியும்.

1839இல் ஹொக்குசாயின் இல்லம் தீக்கிரையானபோது, அவர் சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள் பலவும் அழிந்தன. நூல்களாக வெளியேறிய படங்களோ பல ஊர்களில் பல கைகளில் வாழ்ந்தன. தமக்கென வைத்தது எரிந்தது. பிறர்க்கெனக் கொடுத்தது நிலைத்தது.

இதற்கு மாறான ஒரு செய்தியும் உண்டு. அனைத்தையும் அடக்கும் பெரும் படநூல் ஒன்றிற்காக அவர் வரைந்த 103 படங்கள், அந்நூல் அச்சேறாமையால் உளிக்குத் தப்பின. 2020இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவற்றைப் பெற்றது. இன்று அவரது தூரிகையின் நேரடித் தடத்தை அவற்றில் காணலாம். ஆயினும், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக எந்த மாணவனும் அவற்றைப் பார்த்துப் பயிற்சி பெற இயலவில்லை. மூலம் பிழைத்தது, பயன் காத்திருந்தது.

அச்சேறியவை கடல் கடந்தன. 1823 முதல் 1829 வரை ஜப்பானில் மருத்துவராகப் பணியாற்றிய சீபோல்டு, ஐரோப்பா திரும்பியபின் ஜப்பானைப் பற்றி எழுதிய நூலில் ‘மங்கா’ படங்களைப் பயன்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஓவியர்கள் அவ்வேடுகளை விரும்பிச் சேகரித்தனர்.

1848இல், தம் எண்பத்தெட்டாம் அகவையில், வண்ணங்களைக் குழைத்துப் பூசும் முறையை விளக்கும் நூலொன்றை ஹொக்குசாய் வெளியிட்டார். மேலைநாட்டு எண்ணெய் வண்ண முறையையும் அதில் எடுத்துரைத்தார். மறு ஆண்டே மறைந்தார். வாழ்நாள் முழுதும் தேடிய நுட்பத்தை மறைத்து வைக்காமல், முகமறியா மாணவனுக்கு விட்டுச் சென்றார். கல்விச் செல்வம் கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று நம் முன்னோர் கண்டனர். கொடாவிடின் அது அழியவும் கூடும் என்பதை ஹொக்குசாயின் வரலாறு உணர்த்துகின்றது.