பனியாற்றுப் படிவுகள்

பனியாற்றின் மேல் காற்று கொண்டுவரும் தூசியும், மலைச்சரிவிலிருந்து உருண்டு சேரும் மண்ணும் கல்லும். இவை பனியை உருக்குமா, காக்குமா என்பது படிவின் கனத்தைப் பொறுத்தது.

மெல்லிய தூசிதான் பொல்லாதது. உச்சிவெயிலில் திருக்கோகர்ணம் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலுடன் நடந்தவருக்குக் கருங்கல் வாங்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வெண்பனியில் படியும் கருந்துகளும் அப்படியே சூடேறி, அடிப்பனியை உருக்கிச் சிறு குழிகளாக இறங்கிவிடும். குழியின் அடியில் தங்கும் கரிய வண்டலில் பாசியும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. 1870-இல் கிரீன்லாந்தில் இந்த வண்டலைக் கண்ட ஆய்வாளர் நோர்டென்ஷியோல்டு அதற்கு இட்ட பெயர் கிரையோகோனைட். இந்தியாவிலும் கோடையில் தார்ப் பாலைவனத் தூசி மேற்கு இமயமலைப் பனிவரை போய்ச் சேர்கிறது.

கனம் சில சென்டிமீட்டரைத் தாண்டினால் கதை தலைகீழ். கற்போர்வை வெயிலைத் தடுத்து உருகலைக் குறைக்கும். பெரும்பாறையின் அடியில் மட்டும் பனி தூணாக எஞ்சி, மேசைபோல நிற்பதும் உண்டு.

உத்தராகண்டின் கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கி.மீ. நீளமுள்ளது. அதன் கீழ்ப்பகுதி முழுக்கக் கற்குவியல். பனியாற்றின் முனையான கோமுகத்தில் தூய வெண்பனியைத் தேடுபவர் ஏமாறுவார். போர்வை இருந்தும், படிவின் நடுவே தோன்றும் குட்டைகளின் ஓரத்திலும் பனிச்சுவர்களிலும் உருகல் வேகமாக நடக்கிறது. 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆடன் அளந்து வரைந்த பின், பனியாற்றின் முனை ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியுள்ளது.