மாளிகையைப் பறித்தவர் யார்?

2024 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘ஹீராமண்டி’யின் எட்டுப் பகுதிகளையும் பார்த்தேன். இறுதியில் பிப்போஜான் சுடப்படும்போது அழவும் செய்தேன். ஆனாலும் ஓர் உறுத்தல். சஞ்சய் லீலா பன்சாலியின் லாகூரில், மாளிகைக்காக மல்லிகாஜானும் ஃபரீதனும் மோதுகிறார்கள். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற அதே பழைய பேச்சு.

லக்னோவின் 1858-77 வரிப்பதிவேடுகள் வேறு கதை சொல்கின்றன. அங்கே மிக அதிக வரி கட்டியவர்களில் ஆடல் பாடல் பெண்களும் உண்டு. வீடுகளும் தோட்டங்களும் அவர்கள் பெயரிலேயே இருந்தன. 1857 கிளர்ச்சிக்குத் துணைநின்றார்கள் என்று ஆங்கிலேயர் அவர்களது சொத்துகளைப் பறிமுதல் செய்தனர்.

தவாயிஃபின் சொத்தைப் பறித்தது இன்னொரு தவாயிஃப் அல்ல, அரசு. தொடர் சொல்லாத இந்த வரியை என் மாணவிகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.