தராசும் உருண்டையும்

விருத்தாசலத்தைப் பழமலைநாதருக்காக அறிந்தவர்கள் உண்டு. பீங்கானுக்காக அறிந்தவர்களும் உண்டு. அங்கே ஒரு பட்டறையில், களிமண் பொம்மையாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை மண்ணில் விழுந்த கீறலை விரலால் தடவிச் சரிசெய்துவிடலாம். சூளைக்குப் போய் வந்த பிறகு பிரம்மாவாலும் ஆகாது. குழந்தைகளுக்குச் சோறு போட்ட நம் நாட்டுச் சரித்திரத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பச்சை மண் எனக்கு ஞாபகம் வருகிறது.

1920-ல், சர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. 1956-ல் காமராஜர் பகலுணவை நாடெங்கும் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, இரண்டு வயதுக் குழந்தைக்கும் தட்டு வைத்தது. மகத்தான காரியங்கள், யார் மறுப்பார்கள்?

ஆனால் தட்டைத் தேடி வரக் குழந்தைக்குக் கால் வேண்டுமே! எட்டு மாதக் குழந்தை எந்தப் பந்திக்கு வரும்? தாய்ப்பால் மட்டும் போதாமலும், மற்ற ஆகாரம் சரியாகக் கிடைக்காமலும் இருக்கும் அந்தப் பருவத்தில்தான் உடம்பு இளைக்கத் தொடங்குகிறது.

அதைக் காலத்தில் பிடிக்கப் புறப்பட்டதுதான், உலக வங்கியின் கடனுதவியோடு 1980-ல் மதுரை ஜில்லா கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அதன் பிரதானக் கருவி அண்டா அல்ல, தராசு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும், மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை, தொண்ணூறு நாட்களுக்கு. தேறிவிட்டால் நிறுத்தம். நலிந்த கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உண்டு.

உருண்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தாய் அதை நாலு பிள்ளைகளுக்கும் பிய்த்துக் கொடுப்பாள். அது அவள் குற்றமல்ல, வீட்டின் தரித்திரம். ஆகவே நிலையத்திலேயே ஊட்டச் செய்தார்கள். ஒரு குழந்தைக்குக் கொடுத்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இல்லை என்று சொல்வது லேசான வேலையா? அதற்காகவே, அந்தந்த ஊரில் ஏழ்மையிலும் தன் குழந்தையை நன்றாக வளர்த்த தாயாகப் பார்த்து ஊழியராக நியமிக்க முயன்றார்கள். அவள் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. நடுத்தரக் குறைவு அவ்வளவு சுலபத்தில் அசையவில்லை.

1997-ல் அதன் இரண்டாம் கட்டமும் முடிந்தது. 1975-ல் பிறந்த அங்கன்வாடித் திட்டத்தோடு அந்தப் பணியும் கலந்தது. அங்கே இன்று சத்துமாவு தருகிறார்கள், எடையும் பார்க்கிறார்கள். ஆனால் அதே ஊழியர் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தர வேண்டும்; பதிவேடுகளையும் நிரப்ப வேண்டும். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மேலிடம் கேட்கும். இந்தக் குழந்தை இந்த மாதம் வளர்ந்ததா என்பது தாய்க்கு வேண்டிய பதில். புள்ளி வைத்த கையோடு அந்தத் தாயை உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேச ஊழியருக்கு அவகாசம் கொடுத்தால் போதும்; தராசு வாங்கிய காசு வீண்போகாது.