சத்தம் வராத இடத்தில உடையிற சுவர்

கிளவுட் எண்டு நாங்கள் சொல்லுற இடத்தில, ஒருவரை ஒருவர் அறியாத பலரின் பணிசெயல் முறைமைகள் ஒரே புரொசசரில் ஓடுகின்றன. முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் என்றுதான் ஒவ்வொன்றும் நடந்துகொள்ளும். அவற்றுக்கு நடுவே சுவராக நிற்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். அதன் வரலாற்றைக் கலைப்பீடக்காரரான நாங்கள் வாசிச்சுப் பாத்தம். எங்களுக்கு விளங்கினது இதுதான்: சுவர் ஆட்டம் கண்டதெல்லாம் சத்தம் வராத இடத்திலதான்.

1960களில் கணினி பெருஞ்செலவுச் சாமான். பலர் பகிர்ந்தே ஆகவேண்டும். மசாசுசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ரொபர்ட் கிரீசியின் குழு சிபி-40 ஐ உருவாக்கியது. 1967 இல் அது ஒரே கணினியை 14 மெய்நிகர் இயந்திரங்கள் வரை பிரித்துக் கொடுத்தது. விருந்தாளி முறைமைகளைக் குறைந்த அதிகாரத்தில் ஓடவிட்டார்கள். எல்லை மீறும் அறிவுறுத்தல் ஒன்று வந்தால் புரொசசர் அதை மறித்து சிபி-40 இடம் கொடுக்கும். அது விருந்தாளியின் பங்குக்குள் மட்டும் வேலையை முடித்துக் கொடுக்கும்.

1974 இல் பொப்பெக், கோல்ட்பேர்க் இருவரும் இதை விதியாக்கினர்: இயந்திரத்தின் நிலையைத் தொடும் அறிவுறுத்தல் எல்லாம் மறிபட வேண்டும்.

எங்கட மேசைக் கணினிகளின் எக்ஸ்86 புரொசசர் இந்த விதிக்கு அடங்கவில்லை. குறைந்த அதிகாரத்தில் சில அறிவுறுத்தல்களைக் கொடுத்தால் அது மறிக்காது, வேலையை ஒழுங்காகச் செய்யவும் மாட்டாது, பேசாமல் கடந்துபோகும். பென்டியத்தில் இப்படி 17 இருப்பதாக 2000 இல் ஓர் ஆய்வு காட்டியது. காவலாளியை எழுப்பாத கள்ளன் மாதிரி. 1999 இல் விஎம்வெயார், அப்படியான அறிவுறுத்தல்களை ஓடுவதற்கு முன்பே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005, 2006 இல் இன்டெலும் ஏஎம்டியும் புரொசசருக்குள்ளேயே தீர்வு வைத்தன.

பிரச்சினை அதோட முடியேல்ல. போடிங்ல பொதுக் குசினி இருந்தால், அடுப்புச் சூட்டைத் தொட்டே ஆரோ இப்பதான் சமைச்சிட்டுப் போயிருக்கினம் எண்டு சொல்லலாம். பதுக்கு நினைவகமும் அப்படித்தான். வேகத்துக்காக, அனுமதி பார்த்து முடிய முதலே புரொசசர் ஊகத்தில் தரவை எடுத்துவிடும். பிழை என்றால் விடையை எறிந்துவிடும். தடம் மட்டும் மிஞ்சும். நேரத்தை அளந்து அந்தத் தடத்தைப் பிடிக்கலாம். 2018 ஓகஸ்டில் வெளிவந்த ஃபோர்ஷாடோ, ஒரு விருந்தாளி மற்றதின் இரகசியத்தை இப்படி வாசிக்கலாம் என்று காட்டியது.

தீர்வு? விருந்தாளி உள்ளே வரும்போதெல்லாம் அந்த நினைவகத்தைத் துடைப்பது. ஒரே கோரில் இரண்டு விருந்தாளிகளை ஒன்றாக ஓடவிடாமல் தடுப்பது. இரண்டுமே வேகத்தைக் குறைக்கும். மிச்சம் பிடிக்கத்தான் பகிரத் தொடங்கினது. அந்த மிச்சத்தில ஒரு பங்கு இப்ப சுவருக்கே போகுது.