செடியும் ஈஸ்டும்

நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்னும் சீன அறிஞர், காய்ச்சலுக்குச் 'சிங்ஹாவ்' என்னும் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு எழுதிவைத்தார், கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. 1971-இல் அக்குறிப்பை மீண்டும் படித்த தூ யூயூ என்னும் பெண் அறிவியலார், வெப்பமே மருந்தின் ஆற்றலை அழிக்கிறதென உணர்ந்து, ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தார். மலேரியாவைத் தணிக்கும் ஆர்ட்டிமிசினின் இவ்வாறு கிடைத்தது. 2015-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

செடியின் விளைச்சலும் விலையுமோ நிலையாக நிற்கவில்லை. எனவே கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர், மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டில் அச்செடியின் மரபணுக்களைப் பொருத்தி, 2006-இல் மருந்தின் மூலப்பொருளை உண்டாக்கினர். 2013-இல் இத்தாலியின் கரேஸியோவில் ஆலை உற்பத்தி தொடங்கிற்று. ஆனால் வயலில் விளைந்த மருந்தோ அதனினும் மலிவாயிற்று. ஆலை பின்னர் கைமாறியது.

இதனைத் தோல்வி என்போமா? மலேரியாவால் மாள்வோருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அவர்களுக்கு மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும். செடியைப் பயிரிடுவோருள் சிறு உழவர் பலர்; ஆலை வென்றிருந்தால் அவர்தம் அடுப்பு எரிந்திருக்குமா? குழந்தையும் பிழைக்க வேண்டும், உழவனும் பிழைக்க வேண்டும். இவ்விரண்டையும் நிறுக்கும் தராசு ஆய்வுக்கூடத்தில் இல்லை. அது நம் கையில் அன்றோ உள்ளது!